பெயர் எழுத வேண்டாம், கண்ணு

(காங்கேயத்தில் பெற்றோர், ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரே ஒரு கோரிக்கையோடு இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். நம் பிள்ளைகளிடம் அவர்களுடைய உடம்பைப் பற்றியும் மனசைப் பற்றியும் கேளுங்கள். கேட்கும்போது பெயர் கேட்காதீர்கள். கேட்டுத் தெரிந்துகொண்டதைப் பள்ளிக்கும் ஊருக்கும் திருப்பிச் சொல்லுங்கள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கத்தான் இந்த உரை.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஒரு பிள்ளையைப் பற்றி இன்று நமக்கு எவ்வளவோ தெரியும். எமிஸ் என்கிற அரசின் கல்விப் பதிவேட்டில் பிள்ளையின் எண்ணைத் தட்டினால் வருகைப் பதிவு வரும், மதிப்பெண் வரும். மருத்துவக் குழு பள்ளிக்கு வந்து கண், பல், தோல், ரத்தசோகை என்று பார்த்துவிட்டுப் போகிறது. வியாழக்கிழமை இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். மதியம் சத்துணவு இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் வயிற்றையும் கவனிக்கிறது. இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள். 

ஆனால் இவை எல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் தெரிகிற சங்கதிகள். ஒரு பெண்பிள்ளை போன மாதத்தில் எத்தனை ராத்திரி தூக்கம் வராமல் புரண்டாள் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கழிப்பறைக்குப் போகப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாளா என்று தெரியாது. பள்ளி வேனில் யார் யாரை அடிக்கிறார்கள், யார் எந்தப் பட்டப்பெயரால் தினமும் அவமானப்படுகிறான், கூல் லிப் புகையிலைப் பாக்கெட்டை முதன்முதலில் யார் கையில் கொடுத்தார்கள், இதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, அந்தப் பிள்ளையைக் கேட்பது.

உடனே ஒரு தாய் சொல்வார்: "எம் பையன் எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிருவானுங்க." சொல்வான்தான். ஆனால் எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்று அவனும் கணக்குப் போடுகிறான். அரிசி ஆலையிலும் எண்ணெய் ஆலையிலும் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற அப்பா, திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துவிட்டு ராத்திரி பேருந்தில் வந்து இறங்குகிற அம்மா, வட்டிக்கு வாங்கிக் கட்டிய பள்ளிக் கட்டணம், இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் அவன் வளர்கிறான். "நாம சொன்னா இவங்க மனசு ஒடஞ்சு போகும்" என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிற பிள்ளைகள் நிறைய. அடிக்குப் பயந்து மறைப்பது ஒரு வகை. பாசத்தால் மறைப்பது இன்னொரு வகை. இரண்டாவதைக் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

இந்தச் சிக்கல் உலகம் முழுக்க உண்டு. அதற்காகவே உலக சுகாதார அமைப்பும் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து 2003-ல் ஒரு பள்ளி மாணவர் நலக் கணக்கெடுப்பைப் பல நாடுகளில் நடத்தத் தொடங்கின. இந்தியாவில் 2007-ல் மத்திய வாரியப் பள்ளிகளில் 8, 9, 10 வகுப்புப் பிள்ளைகளிடம் அது நடந்தது. பக்கத்தில் இலங்கையில் 2008-லும் 2016-லும் நடந்தது. கேள்விகள் எளிமையானவை. போன 30 நாளில் வீட்டில் சாப்பாடு போதாமல் எத்தனை முறை பசியோடு இருந்தாய்? கவலையால் தூக்கம் கெட்டது எத்தனை முறை? நெருங்கிய நண்பர்கள் எத்தனை பேர்? உன் கவலையை உன் வீட்டார் புரிந்துகொள்கிறார்களா? பிள்ளைகள் வட்டத்தைக் கருப்பாக்கினால் போதும். பெயர் கிடையாது, வரிசை எண் கிடையாது, கட்டாயமும் கிடையாது.

புகையிலையைப் பற்றி மட்டும் இதே முறையில் நடக்கும் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. இந்தியாவில் அதன் நான்காம் சுற்று 2019-ல் நடந்தது. 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். மெல்லும் புகையிலையைத் தொட்டுப் பார்த்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பத்து வயது முடியும் முன்பே தொட்டிருக்கிறார்கள். பத்து வயது என்றால் ஐந்தாம் வகுப்பு. பெயர் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தால் இந்த உண்மை நமக்குக் கிடைத்திருக்குமா?

மனநலத்தைப் பற்றிப் பெரிய அளவில் கேட்டது தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு. 2022 ஜனவரி முதல் மார்ச் வரை, கொரோனா முடிந்தும் முடியாமலும் இருந்த நேரத்தில், எல்லா மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலுமாக 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் 3,79,842 பிள்ளைகள் பதில் சொன்னார்கள். பெயர் எழுதுவதும் எழுதாததும் அவர்கள் விருப்பம் என்று விட்டார்கள். வந்த பதில்களைக் கேளுங்கள். கவலைக்குக் காரணம் படிப்பு, தேர்வு, தேர்வு முடிவு என்று சொன்னவர்கள் 81 சதவீதம். வாரத்தில் இரண்டு மூன்று முறை உடம்பு அசந்து தெம்பில்லாமல் போகிறது என்றவர்கள் 45 சதவீதம். அதேபோல அழுகை வருகிறது என்றவர்கள் 34 சதவீதம். தனிமையாக உணர்கிறோம் என்றவர்கள் 27 சதவீதம். வகுப்பில் கேள்வி கேட்கத் தயங்குகிறோம் என்றவர்கள் 28 சதவீதம். நடுநிலை வகுப்பிலிருந்து உயர்நிலை வகுப்புக்குப் போகப் போக, வாழ்க்கையிலும் பள்ளியிலும் இருக்கும் திருப்தி குறைந்துகொண்டே போகிறது என்பதும் அதில் தெரிந்தது.

நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான பிள்ளைகள் இவ்வளவு சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த அறிக்கையைப் புரட்டி, "காங்கேயத்தில் எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில், என்ன குறை?" என்று தேடினால் பதில் இல்லை. தேசத்துக்கான எண் தேசத்துக்குக் கொள்கை வகுக்க உதவும். நம் ஊர்ப் பள்ளியின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட அது உதவாது. அதனால்தான் இந்தக் கணக்கெடுப்பை நம் ஊரில், நம் பள்ளிகளில், நாமே நடத்த வேண்டும் என்கிறேன்.

நடத்துவது என்றால் எப்படி? இங்கேதான் கவனம் தேவை. ஒன்பதாம் வகுப்பு ஒன்றை மனசில் கொண்டுவாருங்கள். பெஞ்சுக்கு மூன்று பேர். வகுப்பாசிரியர் தாளைக் கொடுத்துவிட்டு, "உண்மைய எழுதுங்க, யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே பெஞ்சுகளுக்கு நடுவில் நடக்கிறார். பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்க்கிறான். "வகுப்பில் யாராவது உன்னை அடிக்கிறார்களா?" என்று கேள்வி. அடிக்கிறவனே பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். பையன் "இல்லை" என்ற வட்டத்தைக் கருப்பாக்குகிறான். ஆசிரியர் நல்லவர்தான். ஆனால் அந்தத் தாள் பொய் சொல்லிவிட்டது.

வாக்கியமாக எழுதச் சொன்னாலும் ஆபத்து. தன் வகுப்புப் பிள்ளைகளின் கையெழுத்து எந்த ஆசிரியருக்குத் தெரியாது? பேனா நிறத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். அதனால் வட்டத்தைக் கருப்பாக்கும் கேள்விகள் மட்டும் இருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே மாதிரி பென்சில் தர வேண்டும். தேர்வுக்கு உட்காருவதுபோலத் தள்ளித் தள்ளி உட்கார வைக்க வேண்டும். தாளைத் தருகிறவர் அந்தப் பள்ளியில் பாடம் எடுக்காத வேறொருவராக இருக்க வேண்டும். முடித்ததும் பிள்ளையே எழுந்து போய், முன்னால் இருக்கும் மூடிய பெட்டியில் தன் கையால் போட வேண்டும்.

பெயர் கேட்காமலே பெயரைக் கண்டுபிடித்துவிடுகிற கேள்விகளும் உண்டு. வகுப்பு எது, பிரிவு எது, ஆணா பெண்ணா, தாய்மொழி என்ன, எந்த ஊரிலிருந்து வருகிறாய் என்று ஐந்தையும் கேட்டால் போதும். நம் ஆலைகளில் வேலை செய்ய ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண்பிள்ளை அந்தப் பிரிவில் ஒருத்திதான் இருப்பாள். அவள் எழுதியது அவளுடையது என்று உடனே தெரிந்துபோகும். ஆகவே தேவையில்லாத விவரம் எதையும் கேட்கக் கூடாது. முடிவைச் சொல்லும்போதும் பத்துப் பேருக்குக் குறைவான குழுவைத் தனியாகப் பிரித்துச் சொல்லக் கூடாது. அதே பெண்பிள்ளைக்கு இந்தியிலோ ஒடியாவிலோ கேள்வித்தாள் கொடுக்க வேண்டியதும் நம் கடமை. தமிழ் படிக்கத் தடுமாறுகிற பிள்ளையின் கவலையும் கவலைதானே.

கூகுள் படிவத்தை அனுப்பினால் வேலை சுலபமாகிவிடும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். பிள்ளை அதை நிரப்பப்போவது அப்பாவின் கைபேசியில். வீட்டில் எல்லோரும் சுற்றி இருக்கும்போது. எமிஸ் எண்ணைப் போட்டு உள்ளே போகிற எந்த ஏற்பாடும் பெயரில்லாத கணக்கெடுப்பு ஆகாது. தாளின் மூலையில் சின்னதாக ஒரு குறியீடு போட்டு வைப்பதும் அதே துரோகம். "பெயர் எழுத வேண்டாம், கண்ணு" என்று பெரியவர்கள் சொன்னால் அது வாக்கு. ஒரு முறை அந்த வாக்குத் தவறினால் அந்தப் பள்ளியில் அடுத்த பத்து வருஷத்துக்கு எந்தப் பிள்ளையும் உண்மை சொல்லாது. அண்ணன்மார் தம்பிமாருக்குச் சொல்லிவிடுவார்கள்.

பெற்றோருக்கும் பள்ளி நடத்துபவர்களுக்கும் இருக்கும் பயங்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். முதல் பயம்: "தெரியாத பிள்ளைக்கு இதெல்லாம் கேட்டு நாமளே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிருமுங்களே?" நியாயமான கேள்வி. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மேடலின் கூல்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாதி மாணவர்களிடம் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டா என்று கேட்டார்கள், மறுபாதியிடம் கேட்கவில்லை. கேட்டதனால் யாருக்கும் மன வேதனை கூடவில்லை, அப்படிப்பட்ட எண்ணமும் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்கு அப்படிக் கேட்டது ஆறுதலாகக்கூட இருந்திருக்கலாம் என்றே தெரிந்தது. கேள்வி விதையைப் போடுவதில்லை. மௌனம்தான் அந்தப் பிள்ளையைத் தனியாக விடுகிறது. 2022-ல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்களை நாம் தற்கொலைக்குப் பறிகொடுத்திருக்கிறோம் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. இனியும் கேட்காமல் இருக்க நமக்கு உரிமை இல்லை.

இரண்டாவது பயம், குடும்ப மானம். பெயரில்லாத தாளால் அது போகாது. மூன்றாவது, பள்ளிக்கூடத்தின் பெயர். "எங்க பள்ளிக்கூடத்துல இத்தன பேரு அழறாங்கன்னு வெளிய தெரிஞ்சா, வர்ற மே மாசம் அட்மிஷனுக்கு யாருங்க வருவாங்க?" என்று ஒரு தாளாளர் கேட்டால் அந்தக் கவலையும் எனக்குப் புரிகிறது. நம் கொங்கு மண்டலத்தில், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, ஈரோடு என்று விடுதிப் பள்ளிகள் வளர்ந்ததே மதிப்பெண்ணின் பெயரால்தான். அதனால் இதைத் தெளிவாகச் சொல்கிறேன்: ஒரு பள்ளியின் முடிவு அந்தப் பள்ளிக்கு மட்டும் போக வேண்டும். ஊருக்குச் சொல்வது எல்லாப் பள்ளிகளையும் சேர்த்த மொத்தக் கணக்கை. எந்தப் பள்ளி முதலிடம், எந்தப் பள்ளி கடைசி என்ற பட்டியல் ஒருநாளும் வரக் கூடாது. பொதுத்தேர்வில் முதலிடம் பிடித்தவர்களின் பட்டியலை வெளியிடுவதைத் தமிழ்நாடு 2017-லேயே நிறுத்தியது. மதிப்பெண்ணுக்கே வேண்டாம் என்று விட்ட தரவரிசையைப் பிள்ளைகளின் கண்ணீருக்குப் போடக் கூடாது.

சரி, கேட்டு என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு ஐஸ்லாந்து நாட்டைச் சொல்கிறேன். அங்கே மொத்த மக்கள்தொகையே நாலு லட்சத்தை ஒட்டித்தான். 2011 கணக்கெடுப்பில் நம் திருப்பூர் மாவட்டத்தில் இருந்தவர்கள் 24 லட்சத்து 79 ஆயிரம் பேர், ஐஸ்லாந்து அதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. 1998-ல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர், போன மாதத்தில் குடித்துப் போதையேறியதாகப் பெயரில்லாத தாளில் எழுதினார்கள். தினமும் சிகரெட் பிடித்தவர்கள் 23 சதவீதம். 2016-ல் முதல் எண் 5 சதவீதமாகவும் இரண்டாவது எண் 3 சதவீதமாகவும் இறங்கியது. எப்படி? கணக்கெடுப்பை ஒரு முறை நடத்தி அலமாரியில் பூட்டவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒவ்வொரு ஊராட்சிக்கும் அவரவர் முடிவைச் சில வாரங்களுக்குள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வீட்டாரோடு அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளும், விளையாட்டு, இசை என்று ஏதாவதில் ஈடுபட்ட பிள்ளைகளும் குடியின் பக்கம் போவது குறைவு என்று அந்தத் தாள்களே காட்டிக்கொடுத்தன. உடனே அரசு பயிற்சி வகுப்புகளுக்குப் பணம் ஒதுக்கியது. பெற்றோர்கள் ராத்திரி நேரத்தில் பிள்ளைகளை வெளியே சுற்ற விடுவதில்லை என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் பிள்ளைகளிடமே கேட்டு, செய்தது பலித்ததா என்று பார்த்தார்கள்.

நம் சிவன்மலை ஆண்டவன் உத்தரவுப் பெட்டி உங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரோ ஒரு பக்தரின் கனவில் ஒரு பொருள் வருகிறது. வந்து சொல்கிறார். பூ வைத்துக் கேட்டு, உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் ஊரே பார்க்க வைக்கிறார்கள். பிறகு இந்தப் பொருள் நமக்கு எதைச் சொல்கிறது என்று டீக்கடை முதல் தொலைக்காட்சி வரை பேசுகிறோம். ஒரு சாதாரண மனிதர் வந்து சொன்னதை இவ்வளவு மரியாதையோடு எடுத்துக்கொள்ளத் தெரிந்த ஊர் இது. நம் பிள்ளைகள் ஆயிரம் பேர் தாளில் சொல்வதையும் இதே மரியாதையோடு, எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்துப் பேச வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இந்தக் கணக்கெடுப்பால் ஆகாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பெயரில்லாத தாள், ஊரின் நிலையைச் சொல்லும். துன்பப்படும் அந்த ஒரு பிள்ளை யார் என்று சொல்லாது. அதனால் கணக்கெடுப்பு நடக்கும் அன்றே, உதவி தேவைப்படும் பிள்ளைக்குத் தனி வழி திறந்திருக்க வேண்டும். பள்ளிகளில் "மாணவர் மனசு" பெட்டி இருக்கிறது. 14417 என்ற பள்ளிக் கல்வி உதவி எண், 1098 என்ற குழந்தைகள் உதவி எண், 14416 என்ற மனநல உதவி எண் இருக்கின்றன. கேள்வித்தாளோடு இந்த மூன்று எண்களையும் அச்சிட்ட ஒரு சீட்டைக் கொடுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் கொடுங்கள், அப்போதுதான் வாங்கியவள் யார் என்ற பேச்சு வராது. பாலியல் கொடுமையைப் பற்றி ஒரு பிள்ளை அந்தப் பெட்டியிலோ தாளின் ஓரத்திலோ ஆளைச் சொல்லி எழுதிவிட்டால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கட்டாயக் கடமை. தலைமையாசிரியர் முதற்கொண்டு யாரும் அதை மூடி மறைக்க முடியாது. இதையும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

அன்றைக்குப் பள்ளிக்கு வராத பிள்ளையின் குரலும் இதில் வராது. படிப்பை நிறுத்திவிட்டு மில்லுக்குப் போன பிள்ளையின் குரல் வரவே வராது. அவர்களை வீடு தேடித்தான் கேட்க வேண்டும். விளையாட்டாகக் கிறுக்கி வைக்கிற பையன்களும் இருப்பார்கள். ஒரு கேள்விக்குப் புகைத்ததே இல்லை என்றும் அடுத்த கேள்விக்குப் போன வாரம் புகைத்தேன் என்றும் எழுதியிருந்தால், முரண்படும் அந்தப் பதில்களை ஒதுக்கிவிட்டுத்தான் கணக்குப் போடுவார்கள். அதற்கு முறை இருக்கிறது. பயப்பட வேண்டியதில்லை.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் குறித்து நாடு முழுவதற்கும் 15 வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனத்தில் தகுதியுள்ள மன ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அந்த ஆலோசகர் வந்து உட்கார்ந்ததும் என்ன வேலையைத் தொடங்குவார்? பிள்ளைகள் எதற்குக் கவலைப்படுகிறார்கள் என்று தெரிந்தால்தானே தொடங்க முடியும்? நாம் நடத்தும் கணக்கெடுப்பு அவர் கையில் கொடுக்கும் முதல் தாளாக இருக்கட்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவிடம் நான் வைக்கும் வேண்டுகோள் இது. அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால், தேர்வுக் காய்ச்சல் தொடங்காத ஒரு வாரத்தில் இதை நடத்துங்கள். இரண்டு மாதத்துக்குள் முடிவைக் கூட்டம் போட்டுச் சொல்லுங்கள். முதலில் மாணவர்களிடம் சொல்லுங்கள், பிறகு பெற்றோரிடம். முடிவில் தெரியும் குறைகளில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த ஆண்டிலேயே சரிசெய்யுங்கள். கழிப்பறைத் தாழ்ப்பாளாக இருக்கலாம். பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கும் கடையாக இருக்கலாம், அதை அகற்றச் சட்டமே இருக்கிறது. காலையில் எட்டு மணிக்கு முன்பே தொடங்குகிற சிறப்பு வகுப்பாக இருக்கலாம். சரிசெய்ததைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அடுத்த ஆண்டு அதே கேள்விகளை மறுபடியும் கேளுங்கள். சொன்னால் நடக்கும் என்று ஒரு பிள்ளை கண்ணால் பார்த்துவிட்டால், அதற்கப்புறம் பெயர் போட்டே சொல்லத் துணிவு வரும்.

பெற்றோர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. பள்ளியிலிருந்து ஒப்புதல் படிவம் வீட்டுக்கு வரும். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கணக்கெடுப்பு முடிந்து பிள்ளை வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு போடுங்கள். "தாளில் என்ன எழுதினாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள்.